மூணாவது ஓலை

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க, தூணுப் பக்கம் நிக்கிறவங்க, வாசல்ல காத்து வாங்குறவங்க, உள்ள வந்து உக்காருங்க, பேச்ச நிறுத்துங்க, அறிவிப்பு முடியாம ஒரு ஆளும் வெளிய போகப்படாது... நம்ம உபதேசியார் மைக்கப் புடிச்சி இதச் சொல்லுததுக்கு முந்தியே நான் எனக்குள்ள சொல்லி முடிச்சிட்டேன், அவரு குரல்லயே, நடுவுல வார செருமலோட. எனக்கு அது தானா வரும். பூசையில நன்மை அப்பம் குடுத்து முடிஞ்சி சாமியார் நாற்காலியில சாஞ்சாருன்னா இவரு எந்திரிப்பாரு, மைக்க ரெண்டு தட்டு தட்டுவாரு, டொக் டொக், டாக்டர் நெஞ்சில தட்டிப் பாக்குத மாதிரி, ஹ்ஹூம்னு ஒரு செருமல், பிறகு தாள எடுத்துக் கையெட்டுத தூரத்துல புடிப்பாரு, கண்ணாடி போட்டா கிழவன்னு சொல்லிருவாங்களாம். இன்னைக்கு அந்தத் தாள்ல என் பேரு இருக்கு. ஏ மாதாவே, என் பேரு இருக்கு. வியாகுலம். எங்க அப்பா எந்த நேரத்துல வச்சாரோ, பேருதான் வியாகுலம், இந்த ஊர்ல என்னிய மாதிரி சிரிச்சவ எவளும் கிடையாது. கால் பெருவிரல் தானா ஆடுது. நெஞ்சு என்னான்னா கரைக்கு வார வள்ளம் மாதிரி தடதடங்குது. நாப்பத்தி நாலு வயசுல எவளுக்காவது இப்படி அடிக்குமா, அடிக்கலாமா, வெக்கமா இருக்கு, ஆனா நல்லா இருக்கு. இன்னைக்கு மூணாவது ஓலை. மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிப்பாங்க, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு. ரெண்டு ஓலை போயிருச்சி, ஒருத்தரும் வாயத் தெறக்கல. இந்த மூணாவதும் போயிட்டா, புதன்கிழமை எனக்குத் தாலி.

நான் இங்கன இருக்கவே கூடாது. ஓலை வாசிக்கிற பூசைக்குப் பொண்ணு வரப்படாதுன்னு எங்க ஊர் வழக்கம், மாப்பிள்ளையும் வரப்படாது. போன ரெண்டு ஞாயித்துக்கிழமையும் ஒழுங்கா பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போயி அங்க பூசை கண்டேன். அங்க உக்காந்து, இப்ப வாசிச்சிருப்பாங்க, இப்ப எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்திருப்பாங்க, இப்ப அந்த மாதா சபை இஞ்ஞாசியக்கா மூக்கத் தூக்கியிருப்பான்னு மனசுலயே ஓட்டிக்கிட்டு இருந்ததுல அந்த ஊர் சாமியார் என்ன பிரசங்கம் வச்சாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இன்னைக்குத் தாங்கல. எல்லார் கதையையும் நேர்ல பாத்து நடிச்சிக் காட்டுன எனக்கு என் கதைய மட்டும் அடுத்தவ வந்து சொல்லணுமா? அதான் பழைய சேலையக் கட்டி, முக்காட்ட மூக்கு வரைக்கும் இழுத்து, பொம்பளையாளுக பக்கம் கடைசித் தூணுக்குப் பின்னால ஒரு மூட்ட மாதிரி உக்காந்துட்டேன். ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நினைச்சா, ஒரு குட்டி வந்து பக்கத்துல பொத்துன்னு உக்காருது. 'ஞானம்மா, ஒளிஞ்சிருக்கீங்களா?' எவ? ஜெனோவா. வேற யாரு வருவா. 'ஏட்டி, மெதுவா பேசு, மெதுவா பேசு.' 'ஏன் ஞானம்மா?' 'அந்த வார்த்தையச் சொல்லாதட்டி, சித்தின்னு சொல்லு, அக்கான்னு சொல்லு, என்ன வேணும்னாலும் சொல்லு.' வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. சிரி, சிரி. உன்னாலதான் எனக்கு நாலு மாசமாச் சோறு இறங்கல, அது உனக்கு எங்க தெரியப் போவுது.

உபதேசியார் ஆரம்பிச்சிட்டாரு. காத்து வேகமா இருக்கும், நாளையும் நாளை மறுநாளும் கடலுக்குப் போக வேண்டாம்னு மீன்துறையில சொல்லியிருக்காங்க. ஆம்பளையாளுக பக்கம் ஒரு முனகல். அடுத்தது, கோயில் வளாகத்துல வலை காயப் போடப்படாது, போன வாரம் சாமியார் வலையில கால் மாட்டி விழுந்தாரு. நாற்காலியில இருக்குத சாமியார் முகம் சிவக்குது. புதுச் சாமியாரு, வந்து ஆறு மாசந்தான், சின்ன வயசு, இன்னும் இவரு குரல் எனக்குப் புடிபடல, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால 'இல்லையா, இல்லையா'ன்னு கேக்காரு, அத மட்டும் புடிச்சி வச்சிருக்கேன். அடுத்தது பள்ளிக்கூடம். திங்கக்கிழமை பெத்தவங்க கூட்டம், ஹெட்மாஸ்டர் அனைவரையும் அழைக்கிறார். நான் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் சத்துணவு சமைக்கேன். ஹெட்மாஸ்டர் குரல் எனக்கு அல்வா மாதிரி. பிள்ளைங்க முட்டைக்கு முண்டியடிக்கும்போது, 'யாரது, யாரது, வரிசை, வரிசை'ன்னு அடுப்படியில இருந்து அவரு குரல்ல ஒரு சத்தம் குடுப்பேன், நூல் புடிச்ச மாதிரி நிக்கும். ஒரு நாள் அப்படிச் சத்தம் குடுத்துட்டு எட்டிப் பாக்கேன், வரிசையில கடைசியா ஹெட்மாஸ்டரே நிக்காரு, கையக் கட்டிக்கிட்டு. 'நான் சொன்ன மாதிரி இருந்திச்சி, அதான் நின்னேன்'ங்காரு. நல்ல மனுசன். அவரு எந்திரிச்சித் தடை சொல்ல மாட்டாரு. மாட்டாருல்ல? ஆம்பளையாளுக பக்கம் மூணாவது வரிசையில உக்காந்திருக்காரு, கையக் கட்டிக்கிட்டுதான். இந்த ஊர்ல நான் யார நடிச்சிக் காட்டல? ஐஸ் கம்பெனிக்காரர் நடைய, ரேசன் கடைக்காரி கொட்டாவிய, செத்தவங்க வீட்டுல ஒப்பாரி வைக்கும்போதே பந்தியில யாரு யாருன்னு ஓரக்கண்ணால எண்ணுத எங்க அண்ணன் பொண்டாட்டி மைனிய, எல்லாரையுந்தான். எல்லாரும் சிரிச்சாங்க, அடுத்தவங்கள நடிக்கும்போது. அவங்கவங்களுக்கு ஒரு கணக்கு இருக்காதா. ஒருத்தி, ஒரே ஒருத்தி, எந்திரிச்சா போதும்.

என் வீட்டுக்காரரு லாசரு இருந்தவரைக்கும் சாயங்காலம் வந்து உக்காந்ததும், 'ஏ வியாகுலம், இன்னைக்கு யாரு வந்திருக்கா?'ம்பாரு. நான் ஒவ்வொருத்தரா வந்து போவேன். மஞ்சக்காமாலையில படுத்திருக்கும்போதும் கேட்டாரு. நான் டாக்டர நடிச்சேன். சிரிச்சாரு. அது ஆச்சி எட்டு வருசம். அதுக்குப் பிறகு வெளிய நடிச்சேன், வீட்டுக்குள்ள நடிக்கல, சுவத்துக்கா நடிக்க முடியும்? பிறகு இந்த மனுசன், கித்தேரியான். கடற்கரையில மிசின் செட்டு வச்சிருக்காரு, வள்ளத்து மிசினெல்லாம் அவருகிட்டதான் வரும். அம்மாவப் பாத்துக்கிட்டே நாப்பத்தொம்பது வயசாக்கிட்டாரு, அந்த அம்மாவும் போன வருசம் போயிச் சேந்துட்டாங்க. பேச மாட்டாரு. பேசவே மாட்டாரு. ஆளு வந்து மிசின இறக்கி வச்சா ஸ்பேனர எடுப்பாரு, முடிஞ்சதும் ஸ்பேனர வைப்பாரு, அதுதான் வாங்க, அதுதான் போயிட்டு வாங்க. ஊர்ல எல்லார் குரலும் எனக்குள்ள இருக்கு, இவரு குரல் மட்டும் இல்ல, கேட்டாத்தான புடிக்க. ஆறு மாசத்துக்கு முந்தி எங்க அண்ணன் வள்ளத்து மிசின் மக்கர் பண்ணிருச்சி. அண்ணன் காய்ச்சல்ல கிடக்கான், தூக்க ஆளில்ல. நீ போயி என்னான்னு கேட்டுட்டு வான்னு என்னிய அனுப்பிட்டான். நான் போயி நிக்கேன். மிசின் எங்கன்னு கண்ணால கேக்காரு. மிசின் வரல, நான் வந்திருக்கேன்னு சொல்லிட்டு, அது எப்படி ஓடுதுன்னு வாயால ஓட்டிக் காட்டுனேன். டுருருரு... டுக், டுருரு... டுக், டுக், ப்ஸ்ஸ்ஸ். அவரு கண்ண மூடிட்டாரு. 'இன்னொரு தடவ'ன்னாரு. ஏ, பேசிட்டாரு! இன்னொரு தடவ ஓட்டுனேன். 'கொஞ்சம் வேகம் கூட்டு.' கூட்டுனேன். டுருருருரு டுக். 'பிளக்கு இல்ல. கார்பரேட்டர்ல தண்ணி.' கண்ணத் தெறந்து என்னியப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வ, என்னமோ நல்ல மிசின் ஒண்ணப் பாக்குத மாதிரி. அதுக்குப் பிறகு எங்க தெருவுல எந்த வள்ளத்து மிசின் நின்னாலும் நாந்தான் போயி ஓட்டிக் காட்டுவேன். நல்லா ஓடுத மிசினுக்கும் போனேன், அத ஏன் மறைக்கணும். நாலு மாசத்துக்கு முந்தி அவரு ஸ்பேனர கீழ வச்சாரு. நான் கிளம்புனேன். 'போகாட்டா என்ன?'ன்னாரு. அவ்வளவுதான் கேட்டது. ஒரு மனுசன் ஒரு பொம்பளையக் கேக்க இத விட என்ன வேணும்.

அன்னைக்கு ராத்திரி சந்தோசத்துல புரண்டு படுத்தவதான், அப்படியே எந்திரிச்சி உக்காந்தேன். ஜெனோவா! ஐயோ, ஜெனோவா. பத்தொம்பது வருசம் முந்தி, இதே கோயில்ல, அந்தா அந்தத் தீர்த்தத் தொட்டிக்கிட்ட, இந்தக் குட்டிக்கு ஞானஸ்நானம். நான் ஞானத்தாய். ஞானத்தகப்பனா நிக்க வேண்டியது அவ மாமன். விடியக்காலம் பாத்துச் சாளை மீன் கூட்டம் கரையோரம் வந்திருச்சின்னு ஊர் ஆம்பளை மொத்தமும் வள்ளத்த இறக்கிட்டுப் போயிட்டான், மாமன்காரன் ஞானஸ்நானச் சட்டையோடயே போயிட்டான். அப்ப இருந்த பழைய சாமியாரு கோவக்காரரு, 'ஆம்பள இல்லன்னா அடுத்த மாசம் பாத்துக்க'ன்னுட்டாரு. பிள்ளை கத்துது, பெத்தவ அழுதா. ஊர்ல ஒரு ஆம்பளையாவது கடலுக்குப் போகாம இருப்பானான்னு தேடுனது யாரு? நாந்தான். மிசின் செட்டுக்குள்ள பூந்து, கிரீஸ் கையோட இருந்த மனுசன மணிக்கட்டப் புடிச்சித் தரதரன்னு இழுத்துட்டு வந்தது யாரு? நாந்தான். அந்தக் கைய நானே சோப்புப் போட்டுக் கழுவி விட்டேன், நல்லா இருக்கா! எங்க ஊர்ல ஒரே பிள்ளைய ஆணும் பொண்ணும் சேந்து தொட்டியில புடிச்சிட்டா அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி. அதனாலதான் கட்டிக்குத முறை உள்ளவங்களச் சேத்து நிறுத்தவே மாட்டாங்க. அப்ப எனக்கு லாசரு இருந்தாரு, இதெல்லாம் யாரு யோசிச்சா. என் கையால நானே ஒரு அண்ணனப் புடிச்சி இழுத்துட்டு வந்திருக்கேன். கல்யாண விசாரணைக்குப் போனப்ப புதுச் சாமியாரு, 'உங்களுக்குள்ள உறவு ஒண்ணும் இல்ல, இல்லையா, இல்லையா'ன்னு கேட்டாரு. நான் மந்திரம் ஒப்பிக்குத வேகத்துல 'இல்ல சாமி'ன்னுட்டேன். கித்தேரியான் வழக்கம் போல ஒண்ணும் சொல்லல. மறந்திருப்பாரு. ஆம்பளைக்கு எங்க ஞாபகம் இருக்கும், யாரோ இழுத்தாங்க, ஒரு பிள்ளையத் தூக்குனோம், போனோம்னு மறந்திருப்பாரு. நான் ஞாபகப்படுத்தல. ஞாபகப்படுத்துனா, அப்பச் சரி வேண்டாம்னு ஸ்பேனர எடுத்திட்டா? இந்தக் குட்டி தூத்துக்குடியில நர்சு படிக்கா, லீவுக்கு வந்ததுல இருந்து தெருவுல பாத்தா 'ஞானம்மா'ன்னு கத்துதா, மிசின் செட்டுப் பக்கம் போனா 'ஞானப்பா'ங்கா. ஊர் ரெண்டையும் சேத்துக் கூட்டிப் பாத்துச்சின்னா? அவளக் கண்டா சந்துக்குள்ள ஓடுதேன், கடன் வாங்குனவ மாதிரி.

'ஞானம்மா, அங்க பாருங்க'ன்னு இடிக்கா இப்ப. எங்கட்டி? பெரிய வாசப் பக்கம், கதவுக்குப் பாதி உள்ள பாதி வெளிய, வெள்ளச் சட்டை, தண்ணி தொட்டு அமுக்கிச் சீவுன தலை. வந்திருக்காரு! வழக்கத்த மீறி அவரும் வந்திருக்காரு! எனக்குச் சிரிப்பு பீறிட்டு வருது, முக்காட்டத் திணிச்சிக்கிட்டேன் வாயில. வரப்படாத ரெண்டு பேரும் வந்து ஒளிஞ்சிருக்கோம், இது என்ன கூத்து. என்னியப் பாத்துட்டாரா? பாத்துட்டாரு. பாத்துட்டு உடனே கூரையப் பாக்காரு. காது சிவந்திருச்சி. ஏ சாமி, இந்த மனுசன எனக்குக் குடுத்திரு, இனிமே யாரையும் நடிக்க மாட்டேன், சரி, அது முடியாது, பொய் சொல்லப்படாது, கோயிலுக்குள்ள மட்டும் நடிக்க மாட்டேன். டொக் டொக். ஹ்ஹூம். 'திருமண அறிவிப்பு. மூன்றாம் முறை.' 'நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற மனுவேல் மகன் கித்தேரியான் என்பவருக்கும், நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற லாசர் மனைவி வியாகுலம் என்பவருக்கும்...' என் பேர மைக்குல கேக்க எப்படி இருக்கு தெரியுமா, சுவரெல்லாம் பட்டு எதுக்க வருது, பேரும் பேரும் ஒட்டிக்கிட்டு வருது, கித்தேரியான் வியாகுலம், கித்தேரியான் வியாகுலம். எல்லா முக்காடும் ஒண்ணையொண்ணு பாத்துத் திரும்புது. 'தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.' அவ்வளவுதான், தாள மடி, மடி, உபதேசியாரே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அந்தத் தாள மடிச்சிப் பையில வையும். மடிக்காரு. ஒரு மடிப்பு. மேல காத்தாடி சுத்துது, ஒரு பிள்ளை இருமுது, ஒண்ணு, ரெண்டு, மூணு, எவளும் எந்திரிக்கல, நாலு, ஐயோ போயிருச்சி, போயிருச்சி, மூணாவது ஓலையும் போ...

'சாமி, ஒரு தடை இருக்கு.'

மூக்கால வார குரல். மாதா சபைத் தலைவி இஞ்ஞாசியக்கா. முதல் வரிசையில இருந்து எந்திரிச்சி, முழங்கால் நோவுக்கு ஒரு கைய இடுப்புல குடுத்து நிக்கா, இந்த நிப்ப நான் எத்தன தடவ நின்னு காட்டியிருப்பேன். ஜெனோவாவுக்கு அப்பா கூடப் பொறந்த அத்தை. அன்னைக்குத் தொட்டிக்கிட்ட மெழுகுதிரி புடிச்சவ. சாமியாரு பதறி எந்திரிச்சிட்டாரு. 'என்ன தடைம்மா?' 'எங்க தம்பி மகளுக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது இவங்க ரெண்டு பேருந்தான் சாமி பிள்ளைய ஏந்துனாங்க. புத்தகத்த எடுத்துப் பாருங்க. ஒரே பிள்ளைய ஏந்துனவங்க அண்ணன் தங்கச்சி.' கோயிலே ஆன்னு இழுக்குது ஒரு மூச்ச. சாமியாரு கழுத்தத் தடவுதாரு. 'அம்மா, திருச்சபைச் சட்டத்துல அப்படி ஒரு தடை கிடையாது, இல்லையா.' கிடையாதா? கிடையாதா! நாலு மாசமா நான் சாவுதேன், கிடையாதாமே! எந்திரிச்சி ஆடிருவேன் போல இருக்கு, ஆனா இஞ்ஞாசியக்கா உக்காரல. 'சட்டம் ரோமாபுரியில இருக்கட்டும் சாமி. இது எங்க ஊர் முறை. நாளைக்கு இவங்களப் பாத்து எல்லாரும் முறை கெட்டுப் போகவா? அந்தக் கல்யாணத்துக்கு எங்க சபையில ஒரு பொம்பளை வர மாட்டா.' பொம்பளையாளுக பக்கம், 'அது சரிதான', 'முறைன்னு ஒண்ணு இருக்குல்ல', கொசகொசன்னு ஏறுது. ஊர் வராத கல்யாணமும் ஒரு கல்யாணமா, இந்த ஊரு எனக்கு முன்னால உக்காந்து சிரிக்கலன்னா நான் யாரு? எந்திரி வியாகுலம், எதையாவது சொல்லு, உனக்குத்தான் இத்தன குரல் இருக்கே, ஹெட்மாஸ்டர் குரல்ல சொல்லு, உபதேசியார் குரல்ல சொல்லு. வாயத் தெறக்கேன். ஒரு குரலும் வரல. எனக்குன்னு ஒரு குரல் எங்க வச்சேன்னு தெரியல. ஜெனோவா என் கையப் புடிச்சி நசுக்குதா. சாமியாரு பாவம், யாரப் பாக்கன்னு தெரியாம வாசப் பக்கம் பாக்காரு. 'மாப்பிள்ளையே வந்திருக்காரே. கித்தேரியான், நீங்க என்ன சொல்லுதீங்க?' மொத்தக் கோயிலும் திரும்புது. அவரு என்ன சொல்லுவாரு, அவருகிட்டப் போயிக் கேக்காரே இந்தச் சாமியாரு, இவருக்கு ஊர் தெரியாது, அவரு கூரையப் பாப்பாரு, தரையப் பாப்பாரு, அப்படியே வெளிய இறங்கிப் போயிருவாரு... கதவ விட்டு உள்ள வாராரு. ரெண்டு எட்டு வச்சி நிக்காரு. தொண்டையக் கூடச் செருமல. இஞ்ஞாசியக்காவ நேராப் பாத்துச் சொல்லுதாரு:

"பத்தொம்பது வருசமா உங்க தம்பி மகளுக்கு நான் தகப்பன், வியாகுலம் தாய்னு இந்தக் கோயில் புத்தகத்துல எழுதி வச்சிருக்கீங்க. கல்யாணந்தான் கொஞ்சம் பிந்திப் போச்சி, யக்கா."